மக்காவின் முன்றிலில் எண்ணப்பட்ட குழந்தைகள்: நுண்ணூட்டச்சத்து வரலாற்றில் அச்சே

சுமத்ராத் தீவின் வட முனையில் அமைந்துள்ள அச்சே, தமிழ் முஸ்லிம்களுக்கு அறிமுகம் வேண்டாத நிலம். ‘செராம்பி மக்கா’, அதாவது மக்காவின் முன்றில், என்று மலாய் மக்கள் அதனை அழைத்தனர். கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கப்பல்கள் மேற்குக் கடலுக்குள் நுழையுமுன் தங்கிச் சென்ற கரை அது. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் துணிப்பொதிகளோடு சென்ற நம் மரக்காயர் கலங்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அத்துறையில் மிளகும் பாக்கும் ஏற்றித் திரும்பின. ஹம்ஸா ஃபன்ஸூரி, நூருத்தீன் அர்-ரானீரீ, அப்துர் ரஊஃப் அஸ்-ஸிங்கிலீ ஆகிய பேரறிஞர்களின் பெயர்களால் அந்நிலம் நம் கட்டுரைகளில் அடிக்கடி பேசப்படுவதுண்டு.

அதே மண்ணுக்கு வேறொரு வரலாற்றிலும் இடமுண்டு. அது நம்மவர் ஏடுகளில் அரிதாகவே பேசப்படுகிறது. உடலுக்கு மில்லிகிராம் அளவிலும் அதற்கும் குறைவாகவும் மட்டுமே தேவைப்படும் சத்துகளை இன்று நுண்ணூட்டச்சத்துகள் என்கிறோம். அவற்றைச் சிசுக்களுக்கு மருந்தாக ஊட்டும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்று தேடிச் செல்பவர் அச்சேயின் பெயரை மூன்று வெவ்வேறு காலங்களில் சந்திக்க நேரும்.

முதற்சந்திப்பு ஒரு போரில் நிகழ்கிறது. 1873-இல் டச்சுக்காரர் அச்சே சுல்தானியத்தின்மீது படையெடுத்தனர். விரைவில் முடியும் என்று அவர்கள் எண்ணிய போர் பல பத்தாண்டுகள் நீண்டது. அச்சே வீரர்களின் எதிர்ப்பைப் போலவே டச்சுப் படையை வதைத்த மற்றோர் எதிரி பெரிபெரி எனும் நோய். கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து படைவீரர்கள் மடிந்தனர். காரணம் அறிய 1886-இல் பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு அறிஞர்கள் அனுப்பப்பட்டனர். உடன் சென்ற உதவியாளர் கிறிஸ்டியான் எய்க்மான். அது ஒரு கிருமியின் வேலை என்று முடிவு கட்டிவிட்டு முன்னவர் இருவரும் தாயகம் திரும்பினர். எய்க்மான் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தங்கிவிட்டார்.

அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த ஒரு நோய் வந்தது. பிறகு தானாகவே நீங்கியது. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையற்கூடத்தில் எஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு சிலகாலம் அவற்றுக்குத் தீனியாக இருந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோறு குடிமக்கள் வளர்க்கும் கோழிகளுக்கு உரியதன்று என்று மறுத்துவிட, தீட்டாத அரிசி தீனியானது. கோழிகள் நலம் பெற்றன. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எய்க்மான் தாமே கூறிய செய்தி இது. அவரும்கூட முதலில் சோற்றில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதனை முறிப்பதாகவும்தான் நம்பினார். உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று தீட்டிய சோற்றில் இல்லை என்று 1901-இல் தெளிவாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் க்ரெய்ன்ஸ். இருப்பது நோய் தரும் என்று மட்டுமே அறிந்திருந்த மருத்துவம், இல்லாததும் நோய் தரும் என்பதை ஏற்க இவ்வளவு காலம் ஆயிற்று.

இவ்வறிவு சிசுக்களை வந்தடைந்தது மணிலாவில். அங்கே தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகள் சில மாத வயதில் திடீரென மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தன. தாய்மார் உண்டது தீட்டிய அரிசி. அவர்கள் பாலில் சத்துக் குறைந்திருந்தது. 1910-களில் அரிசித் தவிட்டிலிருந்து ‘டிக்கிடிக்கி’ எனும் சாறு எடுக்கப்பட்டுச் சொட்டுச் சொட்டாக அக்குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டது. மரணத் தறுவாயில் இருந்தவை சில மணி நேரத்தில் தெளிந்தன. சிசுக்களுக்கென்றே செய்யப்பட்ட முதல் நுண்ணூட்ட மருந்து என்று இதனைச் சொல்லலாம். அப்பணியில் ஈடுபட்டிருந்த இராபர்ட் வில்லியம்ஸ் 1936-இல் அச்சத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். தயமின் எனும் பெயர் அதற்கு வந்தது. அவர் பிறந்த ஊர் நம் அண்டை மாவட்டமான நெல்லூர் என்பது ஒரு சுவையான செய்தி.

மணிலாச் சிசுக்களின் பிணி, தாயின் தட்டில் தொடங்கிய பிணி. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோர்க்கு ஈராண்டுக் காலத்தை வரையறுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம், அதே மூச்சில் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பாலூட்டலின் காலம் குறித்து நம்மிடையே பேசப்படும் அளவுக்குப் பாலூட்டுபவளின் உணவு பேசப்படுவதில்லை.

அச்சேயின் இரண்டாம் வருகைக்கு முன்னுரையாக மாலைக்கண் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அந்தி சாய்ந்ததும் பார்வை மங்கும் இந்நோயை அரபு மருத்துவர்கள் ‘அஷா’ என்றும் பாரசீகர் ‘ஷப்கூர்’ என்றும் அழைத்தனர். கிரேக்க மரபில் கூறப்பட்ட ஆட்டு ஈரல் மருத்துவத்தை அரபு நூல்களும் ஏற்றுக்கொண்டன. ஈரலைச் சுட்டு அதிலிருந்து கசியும் நீரைக் கண்ணில் இடுவதும், ஈரலை உண்பதும் வழக்கம். பதினோராம் நூற்றாண்டின் பக்தாத் கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸாவின் ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ இந்நோயைத் தனியே எடுத்துப் பேசுகிறது. ஈரலில் செறிந்திருப்பது விட்டமின் ஏ என்பது இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. ஆனால் பழையவர்களும் புதியவர்களும் நெடுங்காலம் அதனைக் கண்ணுக்கான மருந்தாகவே கண்டனர்.

விதிவிலக்காக ஒருவர் இருந்தார். இலண்டனில் ஜோசப் எலிசன் எனும் மருத்துவர் 1932-இல் தட்டம்மை கண்ட 600 குழந்தைகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விட்டமின் ஏ செறிந்த எண்ணெயைக் கொடுத்தார். கொடுக்கப்பட்ட 300 பேரில் 11 பேர் இறந்தனர். கொடுக்கப்படாத 300 பேரில் 26 பேர் இறந்தனர். அவருடைய கட்டுரை அச்சேறியது, பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அலமாரியில் உறங்கியது. சல்ஃபா மருந்துகளும் அவற்றைத் தொடர்ந்து பென்சிலினும் வந்து மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்துக்கொண்டதே இதற்குப் பெருங்காரணம். இப்புறக்கணிப்பின் விலையைக் கணக்கிட எவராலும் இயலாது.

ஆல்ஃபிரட் சோமர் அமெரிக்கக் கண் மருத்துவர். நோய்ப்பரவல் இயலும் கற்றவர். 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தைப் பெரும்புயல் சூறையாடியபோது டாக்கா காலராய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், அழிந்த கிராமங்களில் இறந்தோரைக் கணக்கெடுக்கும் பணியில் ஈடுபட்டார். அந்தப் பயிற்சிதான் பின்னர் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் எண்ணுகிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில் மேற்கு ஜாவாவில் சுமார் 3,500 குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக ஒன்றரை ஆண்டு அவர் குழு பரிசோதித்தது. தேடியது குருட்டின் காரணத்தை. ஏடுகளைத் திரும்பப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது: மாலைக்கண்ணும் வெண்விழியில் நுரைபோன்ற புள்ளிகளும் இருந்த குழந்தைகள் அடுத்த பரிசோதனைக்கு வரவேயில்லை. அவர்கள் இறந்துவிட்டிருந்தனர். நோய் இலேசாக இருந்த குழந்தைகளின் இறப்பு, கண் நலமாக இருந்தவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு. சில வயதினரிடையே எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. 1983-இல் வெளியான இச்செய்தியின் பொருள், கண் மங்கும் முன்பே குழந்தையின் உயிர் ஊசலாடத் தொடங்கிவிடுகிறது என்பதாகும். குடலையும் மூச்சுக்குழலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் விட்டமின் ஏ காக்கிறது. அது குறைந்தால் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கொலைகாரர்களாகிவிடுகின்றன.

ஆயினும் சத்துக் குறைந்த குழந்தை ஏழைக் குழந்தையாகவும் இருக்கும். எதனால் இறந்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை சொன்ன இடம் அச்சே. சோமரும் இந்தோனேசிய அறிஞர் இக்னேஷியஸ் தர்வோட்ஜோவும் அவர்தம் குழுவினரும் 1982-இல் தொடங்கிய ஆய்வில் வட சுமத்ராவின் 450 கிராமங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. 229 ஊர்களில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 2,00,000 சர்வதேச அலகு, அதாவது 60 மில்லிகிராம், விட்டமின் ஏ அடங்கிய குளிகை இருமுறை கொடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் ஆறு மாதம். எஞ்சிய 221 ஊர்கள் ஓராண்டு காத்திருந்தன. தொடக்கத்தில் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகள் 25,939 பேர். அவர்களுள் ஓராண்டு நிறைந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், காத்திருந்த ஊர்களில் 10,231 பேரில் 75 பேர் இறந்தனர். குளிகை பெற்ற ஊர்களில் 10,919 பேரில் 53 பேர். ஆயிரத்துக்கு 7.3, ஆயிரத்துக்கு 4.9. மருத்துவ உலகத்தின் கருத்தை மாற்றத் தொடங்கிய எண்கள் இவை. அவற்றுக்குப் பின்னால் இருந்த பெயர்களை அச்சேயின் கிராமத்து மையவாடிகளே அறியும்.

காத்திருந்த ஊர்களின் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்டது அநீதியா என்று இன்று கேட்பது எளிது. குளிகை உயிர் காக்கும் என்று அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே அந்த ஆய்வு. அக்கேள்வி நியாயமானது என்றே கருதுகிறேன்; ஆனால் எலிசனின் ஏட்டை உறங்கவிட்ட ஐம்பது ஆண்டுகளிடம்தான் அதனை முதலில் கேட்க வேண்டும்.

1986-இல் ‘லான்செட்’ இதழில் அச்சே முடிவுகள் வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. காத்திருந்த ஊர்களில் வெற்றுக் குளிகை தரப்படவில்லை என்பது ஒரு குறை. இரண்டு குளிகையால் மூன்றில் ஒரு பங்கு மரணம் நிற்குமா என்பது ஓர் ஐயம். எனவே பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து, ரஹ்மத்துல்லாஹ் முதலாசிரியராக 1990-இல் வெளிவந்த ஆய்வில், தென்னிந்தியக் கிராமங்களின் 15,419 குழந்தைகளுள் வாரந்தோறும் சிறு அளவு பெற்றவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆண்டில் வெளியான ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு எந்த வேறுபாட்டையும் காணவில்லை. 1992-இல் வெளியான சூடான் ஆய்வும் 28,753 குழந்தைகளிடையே பயன் எதனையும் காணவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து 1993-இல் கனடா நாட்டு ஜார்ஜ் பீட்டன் குழுவினர் கணித்த சராசரி 23 விழுக்காடு. இச்சராசரி உலகக் கொள்கையாயிற்று. சூடானும் ஹைதராபாத்தும் அடிக்குறிப்பாயின. ஓர் ஊரின் சோற்றில் எது குறைவு, அங்கே எந்த நோய் கொல்கிறது என்பதைப் பொறுத்தே குளிகையின் பயன் அமையும் என்ற செய்தி அந்த அடிக்குறிப்பில்தான் இருந்தது.

ஓராண்டு நிறையாத சிசுக்களுக்கு எவ்வளவு, எப்போது என்ற கேள்வி தனியே எழுந்தது. பிறந்த உடனே கொடுத்தால் இன்னும் நல்லதல்லவா? தமிழகத்தில் 11,619 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. ஆனால் கானா, தான்சானியா, ஹரியானா ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளை உட்படுத்தி 2015-இல் வெளியான ஆய்வுகள் தெளிவான நன்மை எதையும் காணவில்லை. இரண்டு ஆப்பிரிக்க ஆய்வுகளிலும் இறப்புச் சற்று மிகுதியாகவே இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இலேயே பச்சிளங்குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்று கூறிவிட்டது. குறைபாடு மிகுந்த நாடுகளில் ஆறு மாதம் முதல் பதினொரு மாதம் வரை 1,00,000 அலகு, அதன்பின் ஐந்து வயது வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு என்பதே அதன் வழிகாட்டல்.

இடத்தின் இயல்பை மறந்தால் என்ன நேரும் என்பதை இந்துமாக் கடலின் மறுகரையிலுள்ள மற்றொரு முஸ்லிம் தீவு காட்டியது. ஸான்ஸிபாரின் வடக்கே உள்ள பெம்பாவை அரபு மாலுமிகள் ‘அல்-ஜஸீரத்துல் கள்ரா’, பசுந்தீவு, என்றனர். கிராம்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு. கொடிய மலேரியா ஆண்டு முழுவதும் நிலவும் இடமும்கூட. அங்குள்ள குழந்தைகளுக்கு இரத்தசோகை மிகுதி. ஆகவே இரும்புச்சத்துக் கொடுப்பது யாருக்கும் ஐயம் தோன்றாத நற்செயல். 2002 முதல் ஒரு மாதம் முதல் 35 மாதம் வரை வயதுடைய 24,076 குழந்தைகளிடையே சுனில் சஸாவால் தலைமையிலான குழு ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும், மற்றொன்றுக்கு அவற்றோடு துத்தநாகமும், மூன்றாவதற்கு வெற்று மருந்தும் நாள்தோறும் வழங்கப்பட்டன. இரும்பின் அளவு 12.5 மில்லிகிராம், ஓராண்டு நிறையாதவர்க்கு அதில் பாதி.

2003 ஆகஸ்டு 19 அன்று இரும்பு வழங்கிய பிரிவுகள் நிறுத்தப்பட்டன. ஆய்வைக் கண்காணித்த குழு ஏடுகளைத் திறந்து பார்த்தபோது, இரும்பு பெற்ற குழந்தைகளிடையே மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ 12 விழுக்காடு மிகுந்திருந்தது. மலேரியா ஒட்டுண்ணியும் பல கிருமிகளும் வளர இரும்பு வேண்டும். அதனால்தான் நோயுற்ற உடல் தன் இரும்பை ஒளித்துவைக்கிறது, தாய்ப்பாலும் அதனை மிகக் குறைவாகவே தருகிறது. உண்மையில் இரும்புக் குறைபாடும் சோகையும் இருந்த குழந்தைகளுக்கு அதே மருந்து நன்மையே செய்தது என்பது ஒரு துணை ஆய்வில் தெரிந்தது. தீங்கு, குறை இல்லாதவர்க்கும் சேர்த்துக் கொடுத்ததில் இருந்தது. மலேரியா இல்லாத நேபாளச் சமவெளியில் அதே காலத்தில் நடந்த இணை ஆய்வில் தீங்கு காணப்படவில்லை.

இங்கும் ஓர் உறங்கிய ஏடு உண்டு. 1978-இலேயே சோமாலிய நாடோடிகளிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. இரும்பு பெற்றவர்களிடம் 36 தொற்றுகள், வெற்று மருந்து பெற்றவர்களிடம் 7. கால் நூற்றாண்டுக்குப் பின் பெம்பாவின் குழந்தைகள்தாம் அதற்குச் சான்று பகர வேண்டியிருந்தது.

அச்சேயின் மூன்றாம் வருகை 2004 டிசம்பர் 26. அக்காலைப் பொழுதில் நாகூர், நாகப்பட்டினக் கரைகளைத் தாக்கிய அதே அலைதான் அரை மணி நேரத்துக்குள் அச்சேயைத் துடைத்தெடுத்திருந்தது. அங்கே மாண்டவரும் காணாமற்போனவரும் 1,60,000-க்கு மேல். முகாம்களில் எஞ்சிய குழந்தைகளுக்கு வெறுஞ்சோறும் உலர்ந்த நூடுல்ஸும்தான் கிடைத்தன. அப்போது ‘வைட்டலீட்டா’ என்ற பெயரில் சிறு பொட்டலங்கள் பெருமளவில் வழங்கப்பட்டன. டொரொண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ஸ்டான்லி ஸ்லாட்கின் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உருவாக்கிய பொடி அது. இரும்பின் ஒவ்வொரு துகளையும் மெல்லிய கொழுப்புப் படலத்தால் போர்த்தியதால் சோற்றின் நிறமும் சுவையும் கெடாது; ஏ, சி, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் முதலியனவும் சேர்த்து ஒரு நாள் அளவு ஒரு பொட்டலத்தில். தாய் வீட்டில் சமைத்த உணவின்மீதே தூவிக் கொடுக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் பாலோடு சேர்ந்த வீட்டுணவு என்னும் வழியில் குறுக்கிடாமல் அதற்குத் துணையாக நிற்பது இதன் சிறப்பு. அலை வந்த கரையில் ஒரு மருத்துவர் இல்லாமலேயே ஒரு தாயால் இதனைச் செய்ய முடிந்தது.

இப்பொடியும் கேள்விக்கு உட்படாமல் இல்லை. பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், சோகை குறைந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு, குறிப்பாக இரத்தத்தோடு கூடியது, மிகுந்தது. வங்காளதேசக் கிராமங்களில் எட்டு மாத வயதுடைய 3,300 குழந்தைகளுக்கு மூன்று மாதம் இரும்புக் கரைசலோ பொடியோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. இரத்தம் தேறியது, எதிர்பார்க்கப்பட்ட அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. 2016 வழிகாட்டலில் உலகச் சுகாதார நிறுவனம் சோகை 20 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் பொடியைப் பரிந்துரைக்கிறது. மலேரியா உள்ள இடங்களில் அதைத் தடுக்கவும் கண்டறியவும் குணப்படுத்தவும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்று நிபந்தனையும் விதிக்கிறது. அந்த நிபந்தனை வரியைப் பெம்பாவின் குழந்தைகள் எழுதினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அச்சேயில் இன்றும், இந்தோனேசியாவின் பிற பகுதிகளைப் போலவே, பிப்ரவரியும் ஆகஸ்டும் விட்டமின் ஏ மாதங்கள். ஊர்ப் பெண்களே நடத்தும் ‘போஸ்யாண்டு’ எனும் நல நிலையத்துக்குத் தாய்மார் குழந்தைகளை எடுத்து வருகின்றனர். தராசில் எடை பார்த்து ஏட்டில் பெயர் எழுதியபின், ஆறு மாதம் நிறைந்த சிசுவுக்கு நீலக் குளிகை, ஓராண்டு நிறைந்ததற்குச் சிவப்புக் குளிகை. அதன் முனையைக் கத்தரித்து, உள்ளிருக்கும் சில சொட்டு எண்ணெயை வாயில் பிழிந்துவிடுகிறார்கள்.